இரண்டாவது பிரேக்

வாஷ்பேசினில் மருந்தைக் கொட்டிவிட்டு மாஸ்டர் குழாயைத் திறந்தார். கொட்டியது நான்கு மில்லிதான். ஒரு கை தண்ணீர் அள்ளி ஊற்றினால் போய்விடும். ஆனால் ஒளித்துச் செய்கிற காரியத்துக்கு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் போதாது. ஐம்பது எண்ணும்வரை ஓடவிட்டு, குழாயை இறுக்கி மூடி, சிரிஞ்சில் மிச்சமிருந்த நான்கு மில்லியோடு படுக்கையறைக்குப் போனார். அப்போது காலை ஆறு மணி.

“வந்துட்டீங்களா?” என்றாள் மனைவி. கண்ணைத் திறக்கவில்லை. முழங்காலை வயிற்றோடு மடக்கிச் சுருண்டு கிடந்தாள்.

“வந்துட்டேன். வாயத் தொற.”

ஊசியில்லாத சிரிஞ்ச் அது. கன்னத்தின் உட்புறம் வைத்துச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். அதை அவர் பொறுமையாக, நன்றாகவே செய்வார். விட்டு முடித்ததும் கட்டிலோரம் தொங்கிய நோட்டில் ‘6.00 – 8 மி.லி.’ என்று எழுதிப் பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் இருபத்தெட்டு வருடம், ஒவ்வொரு மாணவரும் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினார், எத்தனை தப்பு செய்தார் என்று எழுதி எழுதிப் பழகிய கை. பொய் எழுதும்போதும் எழுத்து கோணவில்லை.

பதினோரு நாளாக இதுதான் நடந்துகொண்டிருந்தது.

இதைக் கேட்டுவிட்டு மாஸ்டரைக் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவர் பயந்த மனிதர், அவ்வளவுதான். அந்தப் பயத்துக்குச் சம்பளம் கொடுத்து வளர்த்தது அவருடைய தொழில். கற்றுக்கொடுக்கிற காரில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக் இருக்கும், சொல்லிக்கொடுக்கிறவர் காலடியில் இன்னொன்று இருக்கும். அந்த இரண்டாவது பிரேக்கின் மேலேயே இருபத்தெட்டு வருடம் இருந்த கால் அவருடையது. பஸ்ஸில் போனாலும் அவருடைய வலது கால் தரையை மிதிக்கும். சினிமாவில் வண்டி வேகமாக வந்தால் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு மிதிக்கும். கல்யாணமான இரண்டாவது மாதமே மனைவி அவருக்கு ‘பிரேக்’ என்று பெயர் வைத்துவிட்டாள்.

அவளும் ஒரே ஒரு நாள் அவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனாள். ஆள் நடமாட்டமில்லாத மைதானம். அரை மணி நேரத்தில் அவர் பத்தொன்பது தடவை பிரேக் போட்டார். அவள் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு, “நீங்க ஓட்டக் கத்துக்குடுக்கல. நிக்கக் கத்துக்குடுக்கறீங்க. நிக்க எனக்கே தெரியும்” என்று சொல்லி வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டாள். காரை அவள் பின்னாலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார் மாஸ்டர்.

இனி ஆஸ்பத்திரியில் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்து வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்ன பிறகு, செவ்வாயும் வெள்ளியும் ஒரு நர்ஸ் ஸ்கூட்டரில் வர ஆரம்பித்தாள். வலி தணிப்புப் பிரிவைச் சேர்ந்தவள். மார்ஃபின் பாட்டிலைக் கையில் கொடுத்து, நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஐந்து மில்லி, பயப்பட வேண்டாம் என்று பொறுமையாக விளக்கினாள். மாஸ்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மறுநாள் காரில் ஒரு மாணவனிடம் வாயைக் கொடுத்தார். “அந்த மருந்தா மாஸ்டர்? எங்க பெரியப்பாவுக்கும் அதான் குடுத்தாங்க. மூணே நாள்” என்றான் அவன். காலியான சாலையில் மாஸ்டர் போட்ட பிரேக்கில் பின்னால் வந்த வேன்காரன் இறங்கி வந்து திட்டினான்.

அன்றிலிருந்து பாதி கொடுத்தார். பாதி மருந்து என்றால் பாதி ஆபத்து என்பது அவர் கணக்கு. மிச்சத்தைப் பாட்டிலிலேயே விட்டால் நர்ஸ் கண்டுபிடித்துவிடுவாள் என்பதால் பேசினில் கொட்டினார். போன வெள்ளிக்கிழமை நர்ஸ் நோட்டைப் புரட்டிப் பார்த்து, “அஞ்சு குடுத்தும் வலி அடங்கலியே” என்று கவலைப்பட்டு, டாக்டரிடம் பேசி எட்டாக்கினாள். அதிலும் அவர் பாதி, நான்கு கொடுத்தார். இன்று செவ்வாய்க்கிழமை.

எட்டு மணிக்கு மனைவியின் தங்கை பெட்டியோடு வந்து இறங்கினாள். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை. வந்த அரை மணி நேரத்தில் வீடு அவள் கைக்குப் போய்விட்டது. ஜன்னலைத் திறந்தாள், போர்வையை மாற்றினாள், அக்காவின் தலையை வாரினாள், அத்தானை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தாள். நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்துவிட்டு, “எவ்வளவு ஒழுங்கா எழுதியிருக்கீங்க அத்தான்” என்றாள். மாஸ்டர் தேநீரைக் கீழே வைத்துவிட்டார்.

ஒன்பதரைக்குக் கீழேயிருந்து காவலாளி கூப்பிட்டார். பயிற்சிக் கார் குப்பை லாரிக்கு வழி விடாமல் நிற்கிறதாம். மாஸ்டர் இறங்கிப் போனார். லாரிக்காரர் அவசரப்படுத்த, கார் கிளம்ப மறுத்தது. தள்ளி ஓரங்கட்டி, அப்படியே மருந்துக்கடையில் துடைக்கிற பஞ்சும் வாங்கிக்கொண்டு, மூன்று மாடி ஏறி வந்தபோது மணி பத்தேகால்.

நோட்டில் புதிய கையெழுத்து இருந்தது. ‘10.00 – 8 மி.லி.’ கீழே ஒரு கோடு வேறு.

“மருந்து குடுத்துட்டியா?”

“பத்தாச்சே அத்தான். நோட்டுல இருக்கற மாதிரியே எட்டு குடுத்தேன். ஏன்?”

“ஒண்ணுமில்ல.”

நான்கே பழகிய உடம்பில் எட்டு. ஒரே நேரத்தில் இரண்டு மடங்கு. கட்டிலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மனைவி கண் மூடிக் கிடந்தாள். அவளுடைய கால் நீண்டிருந்தது. பதினோரு நாளில் அவள் கால் நீட்டிப் படுத்து அவர் பார்த்ததில்லை. அதைப் பார்த்ததும் அவருக்கு நிம்மதி வரவில்லை, பயம்தான் இன்னும் கூடியது.

“எவ்வளவு நிம்மதியா தூங்கறா பாருங்க” என்றாள் தங்கை.

மாஸ்டர் மூச்சைப் பார்த்தார். ஏறியது, இறங்கியது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அவர் கால் தரையை மிதித்தது. மறுபடி ஏறியது. சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் இவள் போய்விடுவாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நமக்குத் தோன்றும். மாஸ்டர் போனை எடுத்துக்கொண்டு மூன்று தடவை குளியலறைக்குப் போய், மூன்று தடவையும் பேசாமல் திரும்பி வந்தார். அவருக்கே அவர்மேல் அருவருப்பாக இருந்தது.

நான்காவது தடவை எழுந்திருக்குமுன் மனைவியின் கையை எடுத்துத் தன் கையில் வைத்தார். “ஏய்” என்றார் மெல்ல. பதிலில்லை. “ஏய், இங்க பாரு.” கை அவர் கையில் தன் பாட்டுக்குக் கிடந்தது. அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. அங்கேயே, கட்டிலுக்குப் பக்கத்திலேயே, நர்ஸை அழைத்தார்.

“சொல்லுங்க சார். வலி அதிகமா?”

“இல்ல சிஸ்டர். வலி இல்ல. தூங்கறா. எழுப்பினா எழுந்திருக்கல.” போனை மறு காதுக்கு மாற்றினார். “சிஸ்டர், நான் இத்தன நாளும் பாதிதான் குடுத்தேன். நோட்டுல எழுதினதெல்லாம் பொய். இன்னிக்கு என் மச்சினி நோட்டப் பாத்து முழுசா குடுத்துட்டா. அவ மேல தப்பில்ல.”

வாசற்படியில் துண்டோடு நின்ற தங்கை அப்படியே நின்றாள்.

நர்ஸின் குரல் கொஞ்சமும் மாறாமல் வந்தது. “சரி சார். இப்ப நான் சொல்றத மட்டும் செய்யுங்க. கைக்கடிகாரம் இருக்கா? ஒரு நிமிஷம் மூச்ச எண்ணுங்க. சத்தமா எண்ணுங்க, எனக்குக் கேக்கணும்.”

அவர் எண்ணினார். மாணவர்களின் தப்புகளை எண்ணியதைவிடக் கவனமாக எண்ணினார். பதின்மூன்று.

“நல்லது. தோள நல்லா தேச்சுப் பேரச் சொல்லிக் கூப்பிடுங்க.”

அவர் தேய்த்தார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மனைவியின் புருவம் சுருங்கியது. “ம்... என்ன?” என்றாள் எரிச்சலாக, மறுபடி தூங்கிப்போனாள். திட்டு வாங்கியதற்காக மாஸ்டர் சந்தோஷப்பட்டது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை.

“கேட்டுச்சு” என்றாள் நர்ஸ். “இருபது நிமிஷத்துல வரேன். பக்கத்துலயே இருங்க.”

போனை வைத்ததும் தங்கை கேட்டாள். “பாதியா?”

மாஸ்டர் நோட்டை மூடி வைத்தார்.

“மிச்சத்த என்ன பண்ணீங்க?”

அவர் கண் வாஷ்பேசின் பக்கம் போனது. அவள் அதைப் பார்த்தாள்.

“போன வாரம் போன்ல பேசும்போது பல்லக் கடிச்சுக்கிட்டுப் பேசினா. என்னக்கான்னு கேட்டேன். மருந்துக்கும் கேக்கலடின்னா.” கையிலிருந்த துண்டைக் கட்டிலில் போட்டாள். “மருந்துக்குக் கேக்கலியா அத்தான்?”

இத்தனை நாளும் அவள் செத்துவிடுவாளோ என்று மட்டும்தான் பயந்திருந்தார். அவளுக்கு வலித்தது என்பது தெரியும், ஆனால் அதை அவர் தன் கணக்கில் சேர்க்கவே இல்லை. இப்போது சேர்த்துப் பார்த்தார். பதினோரு பகல், பதினோரு இரவு.

நர்ஸ் வந்தாள். கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தாள், நாடி பிடித்தாள், மறுபடி மூச்சை எண்ணினாள். டாக்டரிடம் போனில் எல்லாவற்றையும், எதையும் பூசி மெழுகாமல் சொன்னாள். பிறகு போர்வையை விலக்கி மனைவியின் பாதத்தைத் தொட்டாள். மாஸ்டரின் கையை எடுத்து அதே இடத்தில் வைத்தாள். பாதம் குளிர்ந்திருந்தது. முழங்காலுக்குக் கீழே தோலில் திட்டுத் திட்டாக நீலம்.

“எட்டு குடுத்ததாலயா?” என்றார்.

“இல்ல சார். மருந்து அதிகமானா மூச்சு இப்படி இருக்காது, கூப்பிட்டா திட்டவும் மாட்டாங்க. இது நோயோட வேலை. நேத்தே ஆரம்பிச்சிருக்கும். இனி நாள் கணக்கில்ல. இன்னிக்கோ, நாளைக்கோ.”

தங்கை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நர்ஸ் தொடர்ந்தாள். “நல்ல வேளை இன்னிக்குச் சொன்னீங்க. இல்லன்னா நோட்டப் பாத்துட்டு நான் பத்தாக்கியிருப்பேன். ரெண்டு மணிக்கு வேணாம், தூங்கட்டும். முழிச்சு வலின்னு சொன்னா ஆறு குடுங்க. ஆறுன்னா ஆறு.”

“நீங்களே இருந்து குடுத்துட்டுப் போயிடுங்களேன் சிஸ்டர்.”

“எப்ப முழிப்பாங்கன்னு தெரியாதே.”

“அப்ப இவ குடுக்கட்டும்” என்று தங்கையைக் காட்டினார். “நான் குடுத்து, அதுவே கடைசியா இருந்துட்டா...”

நர்ஸ் அவருக்கு எதிரே கட்டிலோரம் உட்கார்ந்தாள். “ஏதோ ஒண்ணு கடைசியா இருக்கத்தான் போகுது சார். கடைசியா தண்ணி குடுத்தவங்கள யாராவது கொலகாரங்கன்னு சொல்லுவாங்களா?”

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். ஒவ்வொரு தடவையும் நிரப்புகிற படிவம்தான். கடைசி வரியில் ‘பார்த்துக்கொள்பவர்’ என்று ஒரு கட்டம் உண்டு. இதுவரை அதில் அவள் என்ன கேட்டாலும் மாஸ்டர் “நல்லா இருக்கேன், நல்லா தூங்கறேன்” என்றே சொல்லியிருந்தார், அவளும் ‘நலம்’ என்றே எழுதியிருந்தாள்.

“என்ன எழுதட்டும்?” என்றாள்.

“பயமா இருக்கு” என்றார் மாஸ்டர். சொன்ன பிறகுதான் அந்தச் சொல்லை யாரிடமும் அதுவரை சொன்னதில்லை என்று தெரிந்தது. அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

“என்ன நேரமானாலும் கூப்பிடுங்க. உங்களுக்காகவும்தான் நான் வரேன்” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பினாள். ஜன்னல் வழியாக மாஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார். திருப்பத்தில் முன் பிரேக்கை மட்டும் பிடித்தாள். தப்பு. வேறு நாளாக இருந்தால் கூப்பிட்டுச் சொல்லியிருப்பார்.

மத்தியானம் நகர்ந்தது. தங்கை அவரோடு பேசவில்லை. ஆனால் மூன்று மணிக்கு ரொட்டியும் சூப்பும் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். அவர் பாதி சாப்பிட்டுவிட்டு வைக்கப்போனார். “முழுசா சாப்பிடுங்க” என்றாள். சொன்ன பிறகு இருவருக்கும் சங்கடமாகிவிட்டது. அவர் தட்டைக் காலி செய்தார்.

ஐந்து மணிக்கு மனைவி கண் விழித்தாள். பார்வை தெளிவாக இருந்தது. தங்கையைப் பார்த்து, “எப்படி வாரியிருக்கே பாரு, ஸ்கூல் புள்ள மாதிரி” என்று தன் தலையைத் தொட்டாள். பிறகு கண்ணால் கணவரைத் தேடிப் பிடித்தாள்.

“காலைல பத்து மணிக்கு...”

“என்னம்மா?”

“குழாய் சத்தம் கேக்கல.”

மாஸ்டர் நாற்காலியை இன்னும் கட்டிலருகே இழுத்துக்கொண்டார்.

“உனக்குத் தெரியுமா?”

“ஆறு, பத்து, ரெண்டு... நேரம் தவறாம ஓடுச்சே.” பேசுவதற்கு நடுவில் நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்கினாள். “இருபத்தாறு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல உக்காந்த காது.”

“ஏன் சொல்லல நீ? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!”

“சொன்னா இன்னும் பயந்துடுவீங்க. பாதியும் கெடைக்காது.”

சிரிக்கிறாள் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரமானது. அவள் கையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். தங்கை அறையை விட்டு வெளியே போய், ஒரு நிமிடத்தில் திரும்பி வந்தாள்.

“வருது” என்றாள் மனைவி. முழங்கால் மெல்ல மடங்க ஆரம்பித்தது. விரல்கள் போர்வையைப் பிடித்தன. “எடுத்துட்டு வாங்க. நீங்களே குடுங்க.”

மாஸ்டர் எழுந்து பாட்டிலைத் திறந்தார். சிரிஞ்சின் நுனி பாட்டில் வாயில் படபடவென்று தட்டியது. நான்கு. ஐந்து. ஆறு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தங்கையிடம் காட்டினார். அவள் பார்த்து, தலையாட்டினாள். வாஷ்பேசினைத் தாண்டித்தான் கட்டிலுக்கு வர வேண்டும். தாண்டி வந்தார்.

நாற்காலியில் உட்கார்ந்து சிரிஞ்சை அவள் கன்னத்தில் வைத்தார். அழுத்த வரவில்லை. கட்டைவிரல் மரத்துப்போனது. வலது காலோ தரையைப் பலம் கொண்ட மட்டும் மிதித்துக்கொண்டிருந்தது. நாற்காலி பின்னால் நகர்ந்து கிரீச்சிட்டது.

“கால எடுங்க” என்றாள் அவள்.

அவர் காலைத் தூக்கினார். தூக்கியதை எங்கே வைப்பது என்று தெரியாமல், வீட்டுச் செருப்பு கழன்று விழ, நாற்காலியின் மேல் மடக்கி வைத்துக்கொண்டார். பிறகு இடது காலையும். சப்பணமிட்டு, குனிந்து, சொட்டுச் சொட்டாக விட்டார். ஒரு சொட்டு விட்டு அவள் விழுங்குவதைப் பார்த்து, அடுத்த சொட்டு. ஆறு மில்லியும் இறங்க வெகு நேரம் பிடித்தது. கடைசிச் சொட்டுக்குப் பிறகு அவள் உதட்டை நாக்கால் துடைத்துக்கொண்டு, “கசப்பு” என்றாள்.

அரை மணியில் முழங்கால் மறுபடி நீண்டது. தங்கை அந்தப் பக்கம் உட்கார்ந்து அக்காவின் தலையைக் கோதினாள். மூச்சு ஏறியது, இறங்கியது, இடைவெளி விட்டது. ஒவ்வொரு இடைவெளியும் போனதைவிடப் பெரிதாக இருந்தது. பயம் போகவில்லை. ஒவ்வொரு தடவையும் கால் துடித்தது. அவர் அதை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். அழைக்கவில்லை, எண்ணவில்லை, தோளைத் தேய்க்கவில்லை. கீழே யாரோ வண்டியை நிறுத்திப் பூட்டினார்கள். பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை வாய்ப்பாடு ஒப்பித்தது.

தெருவிளக்கு எரிந்த நேரத்தில் மூச்சு இறங்கியது. இருவரும் காத்திருந்தார்கள். குழந்தை ஏழாம் வாய்ப்பாட்டை முடித்து எட்டைத் தொடங்கியது.

வெகு நேரம் கழித்துத் தங்கை எழுந்து அக்காவின் கண்களை மூடினாள். போர்வையைச் சரிசெய்தாள். நர்ஸுக்குச் சொல்ல வேண்டும் என்று அவளே அவருடைய போனை எடுத்துப் பேசினாள். பிறகு விளக்கைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். மாஸ்டர் அதே நாற்காலியில், அதே சப்பணத்தில், காலைக் கையால் பிடித்தபடி இருந்தார். இரண்டு செருப்பும் கீழே தரையில் கிடந்தன.

“கால் மரத்துப் போயிருக்கும் அத்தான். கீழ எறக்குங்க.”

“இருக்கட்டும்” என்றார்.